சீட்டோஸின் தாத்தா ஒரு மாட்டுத்தீவன இயந்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நொறுக்குத்தீனிக் கட்டுரையைப் படித்தேன். சீஸ் தூள் பூசிய மக்காச்சோள நொறுக்குத்தீனியான சீட்டோஸ் 1948இல் அமெரிக்காவின் டெக்சஸில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஆண்டு சரி. ஃப்ரிட்டோ கம்பெனியின் சார்ல்ஸ் எல்மர் டூலின் அதைக் கொண்டுவந்தது அப்போதுதான். ஆனால் மக்காச்சோளத்தை அப்படி உப்பவைக்கும் வித்தை அதற்குப் பல வருஷம் முன்பே, வேறு ஊரில், ஒரு தீவனக் கம்பெனியில் கிடைத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் தீவன மில்லில் வேலை பார்த்தவன் நான். இதைச் சும்மா விட மனசு வரவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் என்று ஓர் ஊர். 1930களில் அங்கே ஃப்ளேக்கால் என்ற கம்பெனி, தானியத்தை நசுக்கி மாட்டுத்தீவனம் ஆக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, தொழிலாளர்கள் இடையிடையே ஈர மக்காச்சோளத்தை உள்ளே போடுவார்கள். எங்கள் மில்லில் சோயா எக்ஸ்ட்ரூடர், அதாவது திருகால் நெருக்கித் தள்ளும் இயந்திரம், திணறினால் நாங்களும் இந்த மாதிரி ஏதாவது செய்து பார்ப்போம். பலிக்காவிட்டால் ஸ்பானரை எடுத்துக் கழற்ற வேண்டியதுதான், அன்றைக்கு ஷிப்ட் போச்சு. பெலாய்ட்டில் சூடேறிக் கிடந்த இயந்திரத்திலிருந்து அந்த ஈரச் சோளம் நாடா நாடாவாக உப்பி வந்து, காற்றுப் பட்டதும் விறைத்துக்கொண்டது. எட்வர்ட் வில்சன் என்ற தொழிலாளி அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய், சுவை சேர்த்துத் தின்று பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

கம்பெனியைச் சேர்ந்த ஆடம்ஸ், ஷ்வெப்கே இருவரும் 1939இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1942இல் வாங்கினார்கள். ‘கார்ன் கர்ல்ஸ்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நியூ ஆர்லியன்ஸில் எல்மர் மிட்டாய்க் கம்பெனி, இதே வகைத் தீனியான எங்கள் ‘சீ வீஸ்’ 1936லேயே வந்துவிட்டது என்கிறது. யார் முதல் என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. டூலின் முதல் இல்லை, அவ்வளவுதான்.

செய்முறையைக் கட்டுரையாளர் ‘சோளப்பொரி மாதிரிதான்’ என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. பொரிச் சோளத்தில் தோல் கெட்டியாக இருக்கிறது; உள்ளே ஆவி அடைபட்டு, தாங்க முடியாதபோது வெடிக்கிறது. தீவனத்துக்கு வாங்கும் சோளத்தைச் சட்டியில் போட்டால் கருகுமே தவிர அப்படிப் பொரியாது. அந்தத் தோலின் வேலையை இங்கே இரும்பு செய்கிறது. தோலும் முளையும் நீக்கிய சோளக் குருணையில் கொஞ்சம் ஈரம் இருக்கும். இயந்திரத்தின் திருகு அதை நெருக்கித் தள்ளத் தள்ள, உரசலிலேயே சூடு ஏறும். வெளியிலிருந்து நெருப்புகூட வைக்க வேண்டாம். நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் ஆவியாக முடியாமல் மாவுக்குள் அழுந்திக் கிடக்கும். இயந்திரத்தின் வாயைத் தாண்டி வெளியே வந்த நொடியில் அத்தனையும் ஆவியாகிப் பொங்கும். அப்போது தொட்டுப் பார்த்தால் இன்னும் லேசாக நமத்த மாதிரி இருக்கும். அப்புறம் அடுப்பில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ மிச்ச ஈரத்தையும் வாங்கிவிட்டால்தான் மொறுமொறுப்பு. கடைசியில் உருளும் பீப்பாயில் எண்ணெயும் சீஸ் பொடியும் பூசுவார்கள்.

அந்தச் சீஸ் பொடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! சீஸைச் சும்மா காயவைத்தால் கொழுப்பு உருகி வழிந்துவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் சாண்டர்ஸ் 1943இல் இதற்கு வழி கண்டார். துருவிய சீஸை முதலில் குறைந்த சூட்டில் காயவைத்து மேல்புறத்தைக் கெட்டியாக்கிக் கொண்டார். கொழுப்பு உள்ளேயே நின்றது. பிறகு அரைத்து, கூடுதல் சூட்டில் முழுக்க உலர்த்தினார். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம், ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. போர் முடிந்து மூன்றாம் வருஷம் சீட்டோஸ் வந்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் பேரன் விரலிலிருந்து காரின் சீட் உறை வரைக்கும் அப்பி வைக்கிறானே, அந்த ஆரஞ்சுத் தூளுக்கு 2020இல் ‘சீட்டில்’ என்று கம்பெனியே பெயர் வைத்துவிட்டது. கறைக்கும் நாமகரணம்!

இன்னொன்று. ‘தீ வைத்தால் எரிகிறது, எனவே பிளாஸ்டிக்’ என்ற வாட்ஸப் வதந்தியை அவர் பாதி நம்பியே எழுதியிருக்கிறார். உள்ளே நிறையக் காற்று, ஈரம் இல்லாத மாவு, மேலே எண்ணெய். எரியாமல் என்ன செய்யும்? பொரித்த அப்பளத்தைக் கொளுத்திப் பாருங்கள், அதுவும் எரியும். தினமும் தின்ன நல்லதா என்று கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் அது வேறு விஷயம்.

கடைசியாக, படம். கட்டுரை பேசுவது எண்ணெயில் பொரித்த வகையை. சுழலும் தட்டுக்கும் நிற்கும் தட்டுக்கும் நடுவே நசுங்கி வருவதால் அது முண்டும் முடிச்சுமாக, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் இருக்கும். நீங்கள் போட்டிருப்பதோ, துளை வழியே வந்து கத்தியில் வெட்டுப்பட்டு அடுப்பில் சுட்ட பஃப்ஸ். வழவழவென்று விரல் தடிமனில் இருக்கிறது. சீட்டோஸில் அது 1971இல்தான் வந்தது. ஆனால் படத்தின் கீழே ‘1948இன் சீட்டோஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீவன மில் ஃபோர்மேன்,
உடுமலைப்பேட்டை