தோஹாவில் பேரீச்சம்பழம் தந்த அக்காவுக்கு

ஹமத் விமான நிலையத்தில், அந்தப் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மைக்கு அருகே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு என் நன்றி. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். சென்னையிலிருந்து ஜன்னலில் நெற்றியைப் பதித்தபடியே வந்தார். "மேகம் நமக்குக் கீழே கிடக்கிறதே!" என்று என் கையைக் கிள்ளினார். அந்த முகத்தைப் பார்க்க எத்தனை முறை வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம். ஆனால் விமானம் தாமதமாக இறங்கியதால் லண்டன் விமானம் போய்விட்டது. ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அடுத்த கவுண்ட்டரைக் கைகாட்டினார்கள். 100 மில்லிக்கு மேல் இருக்கிறது என்று, கையோடு வைத்திருந்த பழச்சாறும் சோதனையில் போயிற்று. வரிசையில் நிற்கும்போதே அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டியது.

நீங்கள்தான் முதலில் கவனித்தீர்கள். துடைப்பானை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். உங்கள் சாப்பாட்டுப் பையிலிருந்து பேரீச்சம்பழங்களை எடுத்து, கொட்டை நீக்கி, ஒவ்வொன்றாக அம்மாவின் வாயில் வைத்தீர்கள். உங்கள் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி உங்களுக்கும். நடுக்கம் நிற்கும்வரை அவர் கையை நீங்கள் விடவில்லை.

புதிய டிக்கெட்டோடு நான் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். "தன் சாப்பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டாளே, அந்தப் பெண் அன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பாள்?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.