எங்கள் கொல்லையில் இல்லாத கழிப்பறை: வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் எழுந்து நின்று கழிப்பறைக்கான பணத்தைக் கேட்ட பெண் நான்தான். "உங்க வீட்டுக்குத்தான் 2018-லயே கட்டியாச்சேம்மா, உக்காருங்க" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் மைக்கில் சொன்னார். கூட்டம் சிரித்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து நாளாக அந்தச் சிரிப்பு காதிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

விவரமெல்லாம் தங்கள் கோப்பில் இருக்கிறது. மூன்று மனு கொடுத்திருக்கிறேன், மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. ஆகவே சுருக்கமாகவே கேட்கிறேன். ஒருநாள் எங்கள் கொல்லைக்கு வந்து பாருங்கள். என் வீட்டுக்காரர் பெயரில் கட்டியதாகப் பட்டியலில் இருக்கும் கழிப்பறை அங்கே இருந்தால் எனக்கும் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, நான் கட்டிக்கொண்டிருப்பதற்குத் தூய்மை இந்தியா திட்டத்தில் தர வேண்டிய 12,000 ரூபாய்க்கு வழிசெய்யுங்கள்.

தை மாதம் தங்கள் ஒருங்கிணைப்பாளர் வீடு தேடி வந்து, பெயர் எழுதி, டேப் வைத்து அளந்து, "வேலையை ஆரம்பிங்கக்கா, கட்டி முடிச்சுப் பயன்படுத்த ஆரம்பிச்சதும் பணம் ஏறிடும்" என்று சொன்ன பிறகுதான் நான் கடப்பாரையை எடுக்கச் சொன்னேன். பெண் தலைமையில் இருக்கும் குடும்பம், கணவர் இல்லை, தகுதி இருக்கிறது என்று அவரே சொன்னார். மகளிர் குழுவில் 30,000 கடன் வாங்கினேன். மீதி, நான் ரவிக்கை தைத்துச் சேர்த்தது.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து மண் தங்களுக்குத் தெரியும். இரண்டடிக்குக் கீழே செம்பூராங்கல். இரண்டு குழி எடுக்க இரண்டு ஆளுக்கு மூன்று நாள் ஆயிற்று. கொத்தனார், "ரெண்டு குழி எதுக்குக்கா, ஒரே டேங்கா போட்டுட்டுப் போயிடலாம்" என்றார். நான்தான் விடவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, அடியில் காங்கிரீட் கூடாது, உறையில் ஓட்டை இருக்க வேண்டும், ஒன்று நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும், மூடியது இரண்டு வருஷத்தில் மக்கி உரமாகிவிடும். ஒவ்வொரு உறை இறங்கும்போதும் பக்கத்தில் நின்றேன். சிமெண்ட் கலவையில் மணல் கூடினால் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு நாலு மாதம் இதே வேலை.

அத்தைக்காகத்தான் கொஞ்சம் அகலமாகக் கட்டினேன். உள்ளே ஐந்துக்கு ஆறு. குந்தி உட்கார அவரால் முடியாது, அதனால் வெஸ்டர்ன். பிடித்து எழ இரண்டு பக்கமும் கம்பி. உள்ளே விழுந்துவிட்டால் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி நிலை வைத்தோம். இதையெல்லாம் எந்த அதிகாரியும் சொல்லவில்லை, நாங்களாக யோசித்துச் செய்தது. சுவர் பூசியதும் ஒருங்கிணைப்பாளர் வந்து, திட்டத்தின் சின்னத்தை வரைந்தால்தான் போட்டோ எடுக்க முடியும் என்றார். பெயிண்டருக்கு 300 ரூபாய் கொடுத்து காந்தியின் மூக்குக்கண்ணாடியை வரைய வைத்தேன். அழகாகத்தான் இருக்கிறது. நாலு மாதமாக அந்தக் கண்ணாடி எங்கள் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனி மாதம்தான் தெரிந்தது, என் பெயரைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்று. எங்கள் வீட்டில் 2017–18-லேயே ஒன்று கட்டி முடித்து, படம் ஏற்றி, பணமும் கொடுத்தாகிவிட்டதாம். அந்தப் படத்தைத் தங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் எனக்குத் திருப்பிக் காட்டினார். நீலக் கதவு. பக்கத்தில் வேப்பமரம். வாசலில் மீசை வைத்த ஒருவர் விறைப்பாக நிற்கிறார். எங்கள் கொல்லையில் இருப்பது முருங்கையும் ஒரு கொய்யாவும்தான். என் வீட்டுக்காரர் மீசை வைத்ததே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் இறந்தது 2016-இல். இறப்புச் சான்றிதழும் அரசாங்கம் கொடுத்ததுதான் ஐயா. ஒரே அரசாங்கத்தின் இரண்டு காகிதத்தில் எதை நம்புவது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த 2017-ஆம் வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீதிமன்ற உத்தரவு என்று ஊரெல்லாம் ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கினார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்மாய்க்கரையில் எங்களுக்கு இருந்த மறைப்பு அதோடு போயிற்று. முள் திரும்ப முளைக்கும் வரை, விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டு வர வேண்டும், இல்லையென்றால் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நீலக் கதவு போட்ட கழிப்பறை இருந்தது அந்தச் சமயத்தில்தானாம். 2019 அக்டோபர் 2, காந்தியின் 150-ஆவது பிறந்தநாளில் நாட்டின் கிராமங்கள் முழுவதும் திறந்தவெளிப் பழக்கத்திலிருந்து விடுபட்டுவிட்டதாக அறிவித்தார்கள். அன்றைக்கும் அத்தையும் நானும் என் மகளும் விடிகாலையில் கண்மாய்க்கரைக்குப் போய்விட்டுத்தான் வந்தோம்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 76 வயது. போன ஐப்பசி மழையில் கண்மாய்க்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் கம்பி வைத்தார்கள். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். வெளியே என்றால் நான் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். ராத்திரியில் என்னை எழுப்ப அவருக்கு மனசு வராது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருஷம் அக்னி நட்சத்திரத்திலும் குடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வைக்கிற சொம்பு காலையில் வைத்தபடியே இருக்கும். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். இரண்டு தடவை சிறுநீரில் கிருமி என்று காய்ச்சல் வந்துவிட்டது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டரம்மா திட்டினார். அத்தை சிரித்துக்கொண்டே, "குடிக்கிறேன் தாயி, ராத்திரிக்கு நீ வந்து தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டார். டாக்டரம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

கொல்லையில் சுவர் நிற்கிறது, மேலே காங்கிரீட் போட்டாயிற்று, கம்பி பதித்தாயிற்று. இல்லாதது கதவும், பீங்கானும், குழிக்குப் போகிற பைப்பும், குழிகளுக்கு மூடியும். அரசுப் பணம் வந்ததும் தருகிறேன் என்று கடையில் சொல்லி வைத்திருந்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இதுவரை 46,000 ரூபாய் போட்டிருக்கிறேன். குழுக் கடன் முடியாமல் வேறு கடன் கிடைக்காது. 12,000 என்று 2014-இல் வைத்த தொகைதான் இன்றைக்கும், கொத்தனார் கூலி மட்டும் 2014-இல் நிற்கவில்லை. அது வேறு கதை. தருவதாகச் சொன்னதைத் தந்தாலே போதும்.

மனு கொடுத்த கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன். அது தங்கள் அலுவலகத்துக்கே நடவடிக்கைக்கு வந்தது. "மனுதாரர் குடும்பம் ஏற்கெனவே பயனடைந்துள்ளதால் நிராகரிக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே விசாரித்து எழுதிய பதில் மாதிரி இருந்தது. தப்பாக நினைக்க வேண்டாம், வாசிக்கும்போது அப்படித்தான் தோன்றியது. முன்பெல்லாம் ஒன்றியத்தில் கேட்டால் தலைவரைப் பாருங்கள் என்பார்கள், தலைவரைக் கேட்டால் ஒன்றியத்தில் கேளுங்கள் என்பார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிக்குத் தனி அலுவலரும் தாங்களே ஆகிவிட்டீர்கள். இனி தாங்கள் தங்களையே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் முடிந்துவிடும்.

ஊர் எல்லையில் பெரிய பலகை வைத்திருக்கிறீர்கள், திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊராட்சி என்று. அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தால் அந்தப் பலகையையே மறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள், அந்த வகையில் உபயோகம்தான். மகளிர் சுகாதார வளாகத்தில் மோட்டார் போய் எத்தனை வருஷமாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. இப்போது அங்கே ஆடு கட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கழிப்பறைச் சாவி ஆசிரியர்கள் அறையில் தொங்குகிறது. வயசுக்கு வந்த பிள்ளை எல்லார் முன்னாலும் போய்ச் சாவி கேட்க வேண்டும். நீலக் கதவு படத்தில் இருக்கிற மாதிரி, ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் மீசைக்காரர் நிற்கிறாரோ. அந்த 12,000 யார் கைக்குப் போயிற்று என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் போலீஸ் இல்லை.

மன்னிக்கவும் ஐயா, வேறெங்கோ போய்விட்டேன். அதையெல்லாம் விசாரிப்பது தங்கள் பொறுப்பு, விசாரிக்காமல் இருப்பதும் தங்கள் பொறுப்பு. நான் கேட்பது ஒன்றுதான்: வந்து பாருங்கள். அந்தப் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் கூடவே பதிவாகியிருக்கும் என்று என் மகள் சொல்கிறாள். அந்த எண்ணைத் தங்கள் போனில் போட்டு அது காட்டுகிற இடத்தில் போய் நில்லுங்கள். பிறகு எங்கள் கொல்லைக்கு வந்து நில்லுங்கள். இரண்டும் ஒரே இடமாக இருந்தால் நான் கிராம சபையில் எழுந்து மைக்கிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால், இறந்தவர் பெயரில் இருப்பதை எடுத்துவிட்டு உயிரோடு இருப்பவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் இது நடக்க வேண்டும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். குழி இரண்டும் தகரம் போட்டு மூடிக் கிடக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்தால் மண் சரிந்து உறை உட்கார்ந்துவிடும், மறுபடி கடப்பாரைக்கு ஆள் தேட என்னால் ஆகாது. அத்தையும் அந்தக் கரையில் இன்னொரு மழையைத் தாங்கமாட்டார்.

வருகிற நாளை முந்தின நாளே சொல்லி அனுப்பினால் நாயைக் கட்டிப் போட்டு வைக்கிறேன். வீட்டுச் சந்துக்குள் ஜீப் வராது, கோயிலடியில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டியிருக்கும். காலையிலேயே வந்தால் அத்தை விழித்திருப்பார், அவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் ஊராட்சியில் குடியிருக்கும் தையற்காரி