கோப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள்

சென்னை மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், மாநகரக் காவல் ஆணையர் ஆகியோருக்கு,

வணக்கம். மூவருக்கும் ஒரே மடல் எழுதக் காரணம் உண்டு: குழந்தை மரணங்களை உங்கள் துறைகள் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு குழந்தை திடீரென இறந்தால், காவல் நிலையத்தில், சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 174) வழக்கு பதிவாகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை மருத்துவமனையில், எடைப் பதிவேடு அங்கன்வாடியில், தடுப்பூசிக் கணக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில். இவற்றை ஒருசேர வைத்துப் படிப்பவர் யார்?

குழந்தை மரண ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் அது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஏழு வயதுச் சிறுவன் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தான் என்று வைத்துக்கொள்வோம். 'நீரில் மூழ்கி மரணம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். தொட்டிக்கு மூடி போடாதது யார், முன்பே புகார் வந்ததா, தாய் வேலைக்குப் போனபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் விடை வெவ்வேறு அலுவலகத்தில் கிடக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி இறக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

இங்கிலாந்தில் 2008 முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவரின் மரணமும் கட்டாயமாக ஆராயப்படுகிறது. எதிர்பாராத மரணமென்றால் காவல் துறை, மருத்துவத் துறை, சமூகநலத் துறை மூன்றும் உடனே கலந்து பேசுகின்றன. கைக்குழந்தை தூக்கத்தில் இறந்தால் மருத்துவத் துறையினரும் காவலரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஒரே கேள்வியை நான்கு பேர் நான்கு முறை கேட்பதில்லை. (நம் ஊரில் அந்தக் கேள்விகளின் தொனியைப் பற்றி எழுதினால் தனி மடலாகிவிடும்.)

அவர்களுடைய ஆள்பலம் நமக்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாய் இறப்புகளை ஆட்சியர் முன்னிலையில் ஆய்வு செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதே மேசையில் இன்னும் சில நாற்காலிகள் போதும்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் இந்தக் கூட்டு ஆய்வைத் தொடங்குங்கள். பதினெட்டு வயது வரை எல்லோரையும் சேருங்கள். குற்ற விசாரணை தன் வழியில் நடக்கட்டும். இந்தக் கூட்டம் செவிலியரையோ தாயையோ கூண்டில் ஏற்றும் இடமாகக் கூடாது. அப்படி ஆனால் அடுத்த முறை எவரும் உண்மை பேசமாட்டார்கள். முடிவைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

முதல் கூட்டத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வையுங்கள். மழைநீரில் மின்கசிவு ஏற்படலாம் என்பதால் மின்வாரியப் பொறியாளரையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்