திருவொற்றியூரிலிருந்து மகளுக்கு

திருவொற்றியூர்,
வெள்ளி இரவு

கண்ணு,

செவ்வாய்க்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான் அது எவ்வளவு வெறும் பேச்சு என்று உறைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைக்காக எடுத்த சிகிச்சை இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை என்றாய். அதைக் கேட்டு நெஞ்சு வலித்தது. அடுத்து நீ சொன்னது இன்னும் வலித்தது. "நான் என்னம்மா குறை வெச்சேன்? இனிமே எந்தக் கோயில் படியும் ஏற மாட்டேன்" என்றாய். உண்மைதான், நீ ஒரு குறையும் வைக்கவில்லை. புனேயிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து, பௌர்ணமியும் வெள்ளியும் கூடிய நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் நம் வடிவுடையம்மன், சாயங்காலம் முல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று பேரையும் பார்த்தாய். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ராத்திரி பாதம் வீங்கியிருந்தது, நான்தான் எண்ணெய் தடவிவிட்டேன்.

கோபப்படு. சாமியிடம் கோபப்படுவது பாவம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நம் ஊரிலேயே அதற்குப் பெரிய ஆள் இருக்கிறார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயில் மகிழமரத்தைக் காட்டி சுந்தரர் கதை சொன்னேனே. மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று அந்த மரத்தடியில் சத்தியம் பண்ணிவிட்டு, திருவாரூர் நினைவு வந்து கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவி நடந்து வெண்பாக்கம் போய், "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார். "இருக்கிறோம், நீ போ" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. கையில் ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. அந்தப் பழைய கோயில் பூண்டி ஏரி கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது, சாமியை வேறு இடத்தில் வைத்துக் கட்டினார்கள். ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது, மற்றது திருவாரூரில். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டேதான் பாடினார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

நான் நிறுத்தினேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பிளஸ் டூ. காப்பாற்றிக் கொடு, 108 விளக்கு போடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு ஏழு மாதம் சன்னதித் தெரு பக்கமே நான் போகவில்லை. மார்க்கெட்டுக்குக்கூட சுற்றிக்கொண்டு போவேன். உன் ஆயா மட்டும் எப்போதும்போல் விடியற்காலையில் குளித்துவிட்டு, இரண்டு முழம் கதம்பம் கட்டி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். எனக்கு அது ஆறவே இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அங்க போய் என்னதான் அத்தை கேக்கறீங்க?"

பூ கட்டிக்கொண்டே சொன்னார்: "கேக்கறதுக்கு என்னா இருக்குது? பாக்கணும்போல இருக்குது, போறேன்."

அவ்வளவுதான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பெரிய புராணத்தில் சேக்கிழார் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, அன்போடு கும்பிடுவது ஒன்று போதும், மோட்சம்கூட வேண்டாம் என்று இருந்தவர்கள் என்கிறார். கோயில் மண்டபத்தில் ஒருவர் அதை விளக்கியபோது எனக்கு ஆயாவின் முகம்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி.

அப்புறம் கலிய நாயனார். அறுபத்துமூவரில் ஒருவர், நம் ஊர்க்காரர். எண்ணெய் வியாபாரம். கோயிலுக்கு உள்ளும் வெளியும் இரவு பகலாக விளக்கு ஏற்றுவதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அதற்குப் பலனாக என்ன வந்தது? இருந்த சொத்தெல்லாம் கரைந்தது. சொந்தக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று அந்தக் கூலியில் ஏற்றினார். அவர்கள் கொடுப்பதை நிறுத்தினதும் செக்கு ஆட்டும் கூலிக்குப் போனார். அந்த வேலையும் இல்லாமல் போனது. வீட்டை விற்றார். கடைசியில் மனைவியையே விற்கப் போனார் என்று இருக்கிறது. அந்த இடம் எனக்கு இன்றைக்கும் ஏற்கவில்லை, கண்ணு. அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். பக்தியைச் சொல்ல அது வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். வாங்க ஆள் இல்லை. கோயிலுக்கு வந்தார், விளக்கில் எண்ணெய் இல்லை, தன் கழுத்து ரத்தத்தை ஊற்றத் துணிந்தார். அப்போதுதான் சாமி கையைப் பிடித்தது.

எல்லோரும் அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்லித்தான் உருகுவார்கள். என் மனசு நிற்பது அதற்கு முன்னால், அந்தச் செக்கில். முன்பு பெரிய வியாபாரி, இப்போது யாரோ ஒருவருடைய செக்கை ஆட்டிக் கூலி வாங்கி, அதில் எண்ணெய் வாங்கிக்கொண்டு சாயங்காலம் நடந்து போகிறார். சொத்தைத் திருப்பிக் கொடு என்று அவர் கேட்டதாகக் கதையில் எங்கேயும் இல்லை. இருட்டுகிறதே, விளக்கு ஏற்ற வேண்டுமே என்ற ஒரே கவலை.

எட்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஆயாவோடு போனேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அம்மன் முன்னால் சும்மா நின்றேன், அழுதேன். வெளியே வந்து ஒரே ஒரு விளக்கு போட்டேன். அன்றிலிருந்து எனக்கென்று அங்கே எதுவும் கேட்டதில்லை. மூட்டுவலிக்குக்கூடக் கேட்கவில்லை. பார்க்கணும்போல இருக்கிறது, போகிறேன்.

ஆனால் உனக்காகக் கேட்கிறேன். அதை என்னால் விட முடியவில்லை. ஆயா அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு சாயங்காலமும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்டது நடக்கவில்லை என்றாலும் அடுத்த வெள்ளி போவேன்.

நீ என்ன தப்பு செய்தாய் என்று மட்டும் தேடாதே. விரதத்தில் ஏதோ பிசகு, பரிகாரம் செய்யணும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. குழந்தை தராததற்கு அம்மன் உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்பதை நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். மாப்பிள்ளை அழவில்லை என்றாய். உனக்கு முன்னால் அழவில்லை, அவ்வளவுதான். அவரையும் பார்த்துக்கொள்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு நம் கோயில் சிவன் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பார்கள். வருஷத்தில் அந்த மூன்று நாள்தான் அவரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம். முடிந்தால் நீங்கள் இரண்டு பேரும் அப்போது வாருங்கள். கோயிலுக்கு வர வேண்டாம், நான் கூப்பிடவும் மாட்டேன். வீட்டிலேயே படுத்து நன்றாகத் தூங்கு. நான் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். மறுநாள் காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கி, உனக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கிறேன்.

அம்மா