மரத்தடிக் காசு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. பேத்தியின் பள்ளிக்குக் கடற்கொள்ளையர் நாடகம் எழுதுகிறாய், அவர்களுடைய மூடநம்பிக்கைகளைச் சொல் என்று கேட்டிருந்தாய்.

கொள்ளையருக்கென்று தனியாக எதுவும் கிடையாதப்பா. 1720 வாக்கில் அட்லாண்டிக்கில் கொள்ளையடித்தவர்களில் பெரும்பாலோர் முன்பு வணிகக் கப்பலிலோ பிரிட்டிஷ் கடற்படையிலோ உழைத்தவர்கள். பயங்களையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள். தோளில் கிளி வைப்பது 19ஆம் நூற்றாண்டுக் கதைப்புத்தகத்தின் வேலை. அதை எடுத்துவிடு.

விசிலை வை. கப்பலில் சும்மா விசிலடித்தால் புயல் வரும் என்று திட்டுவார்கள். காற்று விழுந்து பாய் துவண்டு கிடக்கும் நாளில் மட்டும் மெல்ல அடிக்கலாம், பாய்மரத்தை நகத்தால் சுரண்டலாம், காற்று வருமாம். இதற்கு எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள்: போசன், அதாவது கப்பலாட்களின் மேஸ்திரி, கட்டளைகளை ஊதலில்தான் கொடுப்பான். நம் பக்கத்தில் சாரங்கு என்பார்களே, அந்த வேலை. அவன் ஊதல் ஒரு குறுகலான குழல், அதன் முனையில் துளையுள்ள சின்ன உருண்டை. அந்த உருண்டையின் மேல் விரல்களை மூடித் திறந்தால் சுரம் ஏறி இறங்கும். காற்றின் இரைச்சலில் மனிதக் குரல் பாய்மர உச்சிவரை போகாது, இந்தக் கீச்சொலி போகும். நடுவில் எவனாவது பாட்டுக்கு விசிலடித்தால் மேலே இருப்பவன் தப்பான கயிற்றை அவிழ்த்துவிடுவான்.

காரணம் சரிதான், ஆனால் போதாது. போசனே இல்லாத சின்ன மீன்பிடிப் படகுகளிலும் இதே தடை இருந்தது. எனக்குப் படுவது வேறு. இழுத்துக் கட்டிய கயிற்றில் காற்று மோதினால் பின்பக்கம் சுழல்கள் மாறிமாறிப் பிரியும், கயிறு பாடும். காற்றின் வேகத்தைக் கயிற்றின் தடிமனால் (இரண்டும் மீட்டர் கணக்கில்) வகுத்து 0.2ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதன் சுரம் வரும். 2 சென்டிமீட்டர் கயிற்றில் விநாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் 100 ஹெர்ட்ஸ், 20 மீட்டர் என்றால் 200. காற்று ஏற ஏறக் கயிற்றின் விசிலும் ஏறும். தளத்துக்குக் கீழே படுத்திருப்பவன் அந்தச் சத்தத்தை வைத்தே மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வான். புயலின் குரலை ஒருவன் வாயால் எழுப்பினால் மற்றவர்களுக்கு வயிறு கலங்காதா?

வெள்ளிக்கிழமை கிளம்பக் கூடாது என்பதற்கு ஒரு காட்சி போதும். அதை உடைக்க பிரிட்டிஷ் கடற்படை ‘ஃபிரைடே’ என்றே ஒரு கப்பல் கட்டி, வெள்ளியன்று அனுப்பி, அது காணாமல் போனது என்பார்களே, அது சுத்தக் கட்டுக்கதை. அப்படி ஒரு கப்பலே இல்லை. கொலம்பஸ் 1492 ஆகஸ்ட் 3 அன்று கிளம்பினார், அக்டோபர் 12 அன்று கரை கண்டார். இரண்டும் வெள்ளிக்கிழமைதான்!

இறந்தவனைக் கடலில் விடும் காட்சியை மட்டும் நிதானமாக எழுது. அவன் படுத்த கான்வாஸ் தொட்டிலிலேயே உடலை வைத்துப் பாய் தைப்பவன் தைப்பான். உள்ளங்கையில் தோல்பட்டை, அதில் ஊசியின் காதைத் தள்ள ஓர் உலோக வில்லை. ஊசிமுனை முக்கோணப் பட்டை, நூலில் மெழுகு. காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டு. 32 பவுண்டு ரகம் என்றால் ஒன்று 14.5 கிலோ, இரண்டும் சேர்ந்து 29. தண்ணீரில் இறங்கினால் இரும்பு தன் எடையில் ஏழில் ஒரு பங்கை இழக்கும், மிச்சம் 25 கிலோ உடலை நேராகக் கீழே இழுக்கும். கால் பக்கத் தையல் நெருக்கமாக இல்லையென்றால் குண்டு நழுவிவிடும், உடல் மிதக்கும். கடைசித் தையலை மூக்கில் குத்தி எடுப்பது வழக்கம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க என்று விளக்குவார்கள். ஆவி எழுந்து கப்பலுக்குத் திரும்பாமலிருக்க என்பது மாலுமிகளின் பதில். எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. உயிர் பார்க்கத் தையல் முடியும்வரை யார் காத்திருப்பார்கள்?

திரும்பி வரும் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 1799இல் நேபிள்ஸ் விரிகுடாவில் அரசருக்கு எதிராகத் திரும்பிய அட்மிரல் கராச்சியோலோவைத் தூக்கிலிட்டு, காலில் குண்டுகளைக் கட்டிக் கடலில் போட்டார்கள். சில நாளில் அந்த உடல் இடுப்புவரை நிமிர்ந்தபடி, அரசர் ஃபெர்டினாண்ட் இருந்த கப்பல் அருகே மிதந்து வந்தது. அரசர் வெலவெலத்துப் போனார். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் கேட்டு வந்திருக்கிறார் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். உள்ளே வாயு சேர்ந்ததும் உடல் மேலே வந்தது, கால் மட்டும் கனத்ததால் நின்றபடி வந்தது. கட்டியது போதவில்லை, அவ்வளவுதான்.

இடியோடு வரும் இரவில் பாய்மர நுனியில் நீல வெளிச்சம் காட்ட ஆசை என்கிறாய். காட்டு. அது மாலுமிகளின் காவலரான புனித எல்மோவின் நெருப்பு. கூர்மையான முனையில் மின்புலம் குவிந்து காற்றே ஒளிரும், சீறும், ஆனால் சுடாது. மகெல்லனின் பயணத்தில் புயலுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் புனிதர் வந்துவிட்டார் என்று தேறினார்கள்.

கடைசியாக, கப்பல் கட்டும்போது பாய்மரத்தின் அடியில் காசு வைப்பது. நாம் நிலை வைக்கும்போது நவதானியமும் காசும் போடுவது போலத்தான். 1962இல் லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் அருகே தேம்ஸ் சேற்றில் ரோமானியர் காலக் கப்பல் ஒன்று கிடைத்தது. பாய்மரம் ஊன்றும் குழியின் அடியில் ஒரு வெண்கலக் காசு. ரோமானியப் பேரரசர் டொமிஷியன் காலத்தில் கி.பி. 88 அல்லது 89இல் அடித்தது. கப்பலோ 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதனால் காசு புழங்கித் தேய்ந்த பழசு. ஒரு பக்கம் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனா, கையில் கப்பல் சுக்கானோடு. அந்தப் பக்கம்தான் மேலே பார்த்திருந்தது. கையில் கிடைத்ததைப் போடவில்லை, தேடி எடுத்திருக்கிறான் அந்தத் தச்சன்.

நாடகத்தில் இதைக் கடல் காட்சிக்குள் நுழைத்துவிடாதே. மரத்தைக் குழியில் இறக்கிய பிறகு காசு வைக்க வழியில்லை. திரை எழும்போது பட்டறையில் மரம் இன்னும் படுத்திருக்கட்டும்.

அன்புடன்,
ராசேந்திரன்