முதலில் அவர்களைத் தூங்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவப் படிப்பின் முதலாண்டில், வார்டில் ஒரு பாட்டி அழுததைச் சொல்லிச் சொல்லி என் மகளும் அழுதாள். இப்போது அவள் பயிற்சி மருத்துவர். போன வாரம் சோற்றைப் பிசைந்தபடி, "14-ஆம் பெட் போயிடுச்சும்மா" என்றாள். இறந்த நோயாளியின் பெயர் கேட்டேன், நினைவில்லை என்றாள். தட்டில் கை வைத்தபடியே தூங்கிப் போனாள்.

அவள் மனசு கல்லாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2009-இல் வெளியான ஆய்விலும், மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில், அதாவது அங்கே வார்டுக்குள் நுழையும் காலத்தில்தான், சரிந்தது. இங்கே 2019-இல் நோயாளியிடம் பேசும் முறையைப் பாடமாகவே சேர்த்தார்கள். சரி, நல்லதுதான். 30 மணி நேரம் கண் விழித்தவளுக்கு அந்தப் பாடம் எப்படி நினைவுக்கு வரும்? பணி நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

- ஒரு தாய், மதுரை