எது இரைச்சல் என்று எங்களையும் கேளுங்கள்

இரைச்சல் நீக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். போன், கேமரா, ஹெட்போன், வீடியோ கால் என்று எல்லாவற்றுக்குள்ளும் இப்போது உங்கள் வேலைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்போனை மாட்டியதும் எஞ்சின் உறுமல் அடங்கிப்போகிறதே, அதற்கு உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். என் குறை வேறு. எதையெல்லாம் இரைச்சல் என்று தள்ளலாம் என்பதை எங்களைக் கேட்காமலே நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள், செய்ததை எங்களிடம் சொல்வதும் இல்லை.

நாங்கள் இரைச்சல் என்றால் காதைக் குடைவது என்று நினைக்கிறோம். உங்கள் தொழிலில் அதற்குச் சத்தமே தேவையில்லை. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிகின்றனவே, அதுவும் இரைச்சல்தான். ஒளி துகள் துகளாக வருவதால் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஒளித்துகள் (ஃபோட்டான்) விழவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10 கூடும் குறையும், அதாவது பத்து சதவீதம் ஆட்டம், 10,000 விழுந்தால் 100தான் ஆடும், அது ஒரே சதவீதம், அதனால்தான் பகலில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கிறது. மின்சுற்றில் இருக்கும் ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக ஓடுவதில் பிறப்பது இன்னொரு இரைச்சல். அமெரிக்காவின் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடமான பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டினார், இருவர் கட்டுரைகளும் 1928இல் வந்தன. பங்குச்சந்தைக்காரர்கள் வதந்தியைத் தகவல் என்று நம்பி வாங்கி விற்பதை இரைச்சல் என்கிறார்கள். புள்ளியியல்காரர்களுக்கோ காரணம் சொல்ல முடியாமல் சிதறிக் கிடக்கும் எண்களெல்லாம் இரைச்சல்.

இவற்றில் ஃபோட்டான் ஆட்டமும் எலெக்ட்ரான் ஓட்டமும் யாரும் யாருக்கும் சொன்ன சேதி அல்ல. அவற்றை எப்படி வேண்டுமானாலும் குறையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாய் குரைப்பதும் குழந்தை அழுவதும் அந்த வகை இல்லை. அவை யாருக்கோ வேண்டியவை. கூட்டத்தில் பேசுகிறவருக்குக் குழந்தையின் அழுகை தொந்தரவு, வேறொரு அழைப்பில் பேரக்குழந்தையைக் கேட்க உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதுதான் அழைப்பே. சேதி இல்லாத இரைச்சலையும் இவற்றையும் ஒரே வடிகட்டியில் போட்டு ஒரே பெயர் வைத்துவிட்டீர்கள்.

சரி, சேதி இல்லாத இரைச்சலையாவது உறுதியாகப் பிரித்துவிட முடியுமா என்று பார்த்தால், அதுவும் முடியாது. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்கு பெல் ஆய்வகம் கொடுத்த வேலை, அட்லாண்டிக் கடல் தாண்டும் ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. சக்கரங்கள் வைத்துச் சுழலும் ஆண்டெனா ஒன்றைக் கட்டினார். பக்கத்து இடி, தூரத்து இடி என்று இரண்டு அகப்பட்டன, மூன்றாவதாக மெல்லிய, விடாத ஒரு சீறல். அது நாள்தோறும் உச்சத்துக்கு வரும் நேரம் நான்கு நான்கு நிமிடமாக முந்திக்கொண்டே போனது. 24 மணி நேரச் சுற்று என்றால் சூரியனைச் சந்தேகிக்கலாம், இது 23 மணி 56 நிமிடம், விண்மீன்கள் வானில் மறுபடி அதே இடத்துக்கு வரும் கணக்கு. நம் பால்வீதியின் மையத்துப் பக்கமிருந்து வந்த அந்தச் சீறலை 1933இல் அவர் அறிவித்ததில்தான் ரேடியோ வானியலே தொடங்கியது. முப்பது வருடம் கழித்து அதே ஆய்வகத்தின் பென்சியாஸும் வில்சனும் ஆண்டெனாவிலிருந்து புறா எச்சத்தைத் துடைத்துப் பார்த்தும் போகாத இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள்; பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் அது, 1978இல் நோபல் பரிசு.

கவனியுங்கள், இரண்டிலும் வந்தது விடாமல் நீடித்த, சீரான சீறல். உங்கள் வடிகட்டிகள் பல முதலில் அடித்துத் தள்ளுவதும் அதைத்தான்: சீராக நீடித்தால் அது பின்னணி, ஏறி இறங்கினால் அது பேச்சு. இணையத்தில் இசை கற்றுக்கொடுக்கும் யாரையாவது கேட்டுப்பாருங்கள். மாணவர் வயலினில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்ததும் மறுமுனையில் அது தேய்ந்து மறைந்துவிடும். நன்றாக, ஆடாமல் பிடிக்கிறவருக்குத்தான் இந்தத் தண்டனை. வீடியோவில் நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு மூச்சிரைப்பும் இருமலும் முக்கியம். பேச்சைத் தவிர எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிப் பழக்கிய மென்பொருளுக்கு அவை குப்பை. இருட்டுப் படத்தில் புள்ளிகளைத் தேய்க்கும்போது தோலின் வரிகளும் சேர்ந்து தேய்ந்து முகம் மெழுகாகிவிடுகிறது.

இரைச்சல் எப்போதும் எதிரி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். டிஜிட்டல் தொலைபேசியில் யாரும் பேசாத நொடிகளில் ஒலியை அனுப்பாமல் நிறுத்திவிடுகிறீர்கள், ஆனால் கேட்பவர் லைன் அறுந்துவிட்டது என்று ‘ஹலோ ஹலோ’ போடுவார் என்பதற்காக மறுமுனையில் செயற்கையாக ஒரு மெல்லிய சீறலை நீங்களே சேர்க்கிறீர்கள். ஒலிப்பதிவில் ஒலியை எண்ணாக எழுதும் பிட்டுகளைக் குறைக்கும்போதும் அப்படித்தான், கரகரப்பான திரிபு தெரியாமலிருக்கக் கொஞ்சம் இரைச்சலைக் கலக்கிறீர்கள். (இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் நம்பவே இல்லை.)

அதனால் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அழைப்பின் முதல் திரையிலேயே, ஒலியை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில், ‘உள்ளபடி அனுப்பு’ என்று ஒரு சுவிட்ச் வையுங்கள். சில செயலிகளில் இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கித் தேட வேண்டும், அதற்குள் வகுப்பு முடிந்துவிடும். படம் எடுத்தால் சென்சார் கண்டதையும் தனியாக வைத்திருக்கலாமா என்று கேளுங்கள், இடம் போதாது என்றால் அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம், மென்பொருள் எதையாவது ஊகித்து நிரப்பியிருந்தால் அந்தப் படத்தின் விவரங்களில் அதையும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவர்